அறிக்கையின் கடைசி மூன்று வரிகள்

மார்பகப் புற்றுநோய் என்று உறுதியான பெண்ணின் கைக்கு வரும் திசு ஆய்வு அறிக்கையின் கடைசியில் மூன்று வரிகள் இருக்கும். ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2. ஒவ்வொன்றுக்கும் எதிரில் பாசிட்டிவ் அல்லது நெகட்டிவ். கட்டி எத்தனை சென்டிமீட்டர், அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா என்பதைப் போலவே, சிகிச்சை எந்தத் திசையில் போகும் என்பதை இந்த மூன்று வரிகளும் தீர்மானிக்கின்றன. தினம் ஒரு மாத்திரையா, வருடம் முழுக்க ஊசியா, கீமோ மட்டும்தானா என்பதெல்லாம் இவற்றிலிருந்து வருபவை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு இவற்றை யாரும் வாசித்துச் சொல்வதில்லை. இந்த வரிகள் எழுதப்படுவதற்கு நூறு வருடங்களுக்கு மேல் ஆகியிருக்கிறது. அந்த நூறு வருடத்தில் பெண்கள் எங்கெங்கே இருந்தார்கள் என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் சொற்கள். ஈ.ஆர். என்பது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி. பி.ஆர். புரோஜெஸ்டிரோன் ஏற்பி. ஹெர்-2 ஒரு வளர்ச்சிக் காரணி ஏற்பி. ஏற்பி என்பது நல்ல தமிழ்ச் சொல்; ஏற்றுக்கொள்வது. உடலில் ஓடும் ஹார்மோனைத் தன்னிடம் வாங்கி, அது கொண்டுவந்த செய்தியைச் செல்லுக்குள் செயலாக்கும் புரதம். நோய்க்கும் பரிசோதனைக்கும் இப்படிச் சொற்கள் செய்துகொண்டோம். நோய் வரும் உறுப்புக்குத்தான் இன்னும் சொல் தடுமாறுகிறது. சங்க இலக்கிய வகுப்பில் முலை என்ற சொல் வரும் இடத்தில் முன்வரிசையில் தலைகள் குனிவதை இருபது வருடமாகப் பார்க்கிறேன். போரில் புறமுதுகிட்டான் மகன் என்று கேட்ட முதியவள், அவன் பால் குடித்த முலையை அறுத்தெறிவேன் என்று வஞ்சினம் கூறுகிறாள். பாடியவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார். கண்ணகி இடமுலையைத் திருகி எறிந்து மதுரையை எரிக்கிறாள். இவ்வளவும் பாடத்திட்டத்தில் இருக்கிறது. ஆனால் 2002இல் குட்டி ரேவதி தன் கவிதைத் தொகுப்புக்கு 'முலைகள்' என்று பெயர் வைத்தபோது எழுந்த கூச்சல் நமக்கு மறக்கவில்லை. சொல்லக் கூசும் உறுப்பில் வரும் கட்டியை ஒரு பெண் எத்தனை மாதம் சொல்லாமல் வைத்திருப்பாள் என்பதற்குத் தனி ஆராய்ச்சி வேண்டியதில்லை.

மார்பகப் புற்றுக்கும் பெண்ணின் இனப்பெருக்க உடலுக்கும் தொடர்பு இருக்கிறது என்ற சந்தேகம் பழையது. இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ரமாசினி, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழில் சார்ந்த நோய்களைப் பற்றி எழுதும்போது, கன்னியாஸ்திரி மடங்களில் இந்த நோய் அதிகம் என்று குறித்தார். பிள்ளை பெறாமை, பால் கொடுக்காமை ஆகியவற்றால் ஹார்மோன்களின் தாக்கம் இடைவிடாமல் தொடர்வதுதான் காரணம் என்று பிற்காலத்தில் விளங்கியது. இந்த அறிவை நம் ஊரில் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பது வேறு கதை. "பால் குடுக்கல, அதான் வந்துச்சு" என்று நோயுற்றவளின் கட்டிலருகே நின்றே சொல்லிவிடுகிறார்கள். ஐந்து பிள்ளை பெற்றுப் பால் கொடுத்தவளுக்கும் வருகிறது என்பது அவர்கள் கண்ணில் படுவதில்லை.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், மார்பகத்தோடு அதன் அடியிலுள்ள நெஞ்சுத் தசையையும் அக்குள் நெறிகளையும் சேர்த்து எடுக்கும் முறையை நிலைநிறுத்தினார். எவ்வளவு அதிகமாக வெட்டுகிறோமோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் எண்பது வருடம் போல அரசாண்டது. பிழைத்த பெண்கள் தோள் தூக்க முடியாமல், வீங்கிய கையோடு வாழ்ந்தார்கள்.

அதே காலத்தில் கிளாஸ்கோவில் ஜார்ஜ் பீட்சன் வேறு திக்கில் யோசித்தார். பால் சுரப்பைப் பற்றி ஆய்வு செய்தவர் அவர். கன்று ஈன்ற மாட்டின் சினைப்பையை எடுத்துவிட்டால் பால் வற்றாது என்று சில நாடுகளில் பழக்கம் இருப்பதைக் கவனித்திருந்தார். எங்கோ இருக்கும் சினைப்பை மார்பை ஆள்கிறது என்றால், மார்பில் வந்த புற்றையும் ஆளுமல்லவா? 1895இல், நோய் திரும்ப வந்துவிட்ட 33 வயதுப் பெண் ஒருத்திக்குச் சினைப்பைகளை நீக்கினார். கட்டிகள் கரைந்தன. 1896இல் 'லான்செட்' இதழில் அதை வெளியிட்டார். அந்தப் பெண் சில வருடங்கள் வாழ்ந்தாள். ஈஸ்ட்ரோஜன் என்ற பொருள் இருப்பதே உலகத்துக்குத் தெரியவர இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் இருந்தது.

மற்ற மருத்துவர்களும் செய்து பார்த்தார்கள். மூன்றில் ஒருத்திக்குப் பலன், இருவருக்கு இல்லை என்று 1900லேயே கணக்கு வந்துவிட்டது. அந்த ஒருத்தி யார் என்பதை முன்கூட்டிச் சொல்ல வழி இல்லை. எனவே அடுத்த அறுபது வருடங்களில் எல்லாருக்கும் சினைப்பையை எடுத்தார்கள். பிறகு அட்ரினல் சுரப்பியையும், சிலருக்கு மூளையடியிலுள்ள பிட்யூட்டரியையும் எடுத்தார்கள். மூன்றில் இரண்டு பெண்கள் ஒரு நன்மையும் இல்லாமல் உறுப்புகளை இழந்தார்கள். முதல் வரியின் வரலாறு என்பது உண்மையில் இந்த இரண்டு பெண்களின் வரலாறு. ஈ.ஆர். பரிசோதனை வந்தது அவர்களை விட்டுவிடுவதற்காக.

சிகாகோவில் எல்வுட் ஜென்சன் 1950களில் ஈஸ்ட்ரோஜனில் கதிரியக்க ஹைட்ரஜனைப் பொருத்தி, அதை இளம் பெண் எலிகளுக்குச் செலுத்தி, எங்கே போய்ச் சேர்கிறது என்று பின்தொடர்ந்தார். இரத்தத்தோடு எல்லா இடத்துக்கும் போனது. கருப்பையிலும் யோனியிலும் மட்டும் தங்கியது. அங்கே அதைப் பிடித்துவைக்க ஏதோ இருக்கிறது என்பது அதன் பொருள். 1958இல் வியன்னா மாநாட்டில் இதை அவர் சொன்னபோது கேட்க வந்தவர்கள் ஐந்தே பேர் என்றும், அதில் மூவர் அதே அமர்வில் பேச வந்தவர்கள் என்றும் பின்னாளில் சிரித்துக்கொண்டே நினைவுகூர்வாராம். ஈஸ்ட்ரோஜன் செல்லுக்குள் நுழைந்து, உட்கருவில் இருக்கும் ஏற்பியோடு சேர்ந்து, பெருகு என்ற கட்டளையைத் தரும் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. எந்தக் கட்டியில் இந்த ஏற்பி இருக்கிறதோ அந்தக் கட்டிதான் ஈஸ்ட்ரோஜனை நிறுத்தினால் வாடும். 1970களின் தொடக்கத்தில் பெண்களின் கட்டியிலேயே அதை அளந்து காட்டினார்கள். வெட்டுவதற்கு முன்னால் கட்டியிடம் ஒரு கேள்வி கேட்கலாம் என்றானது.

ஏற்பியை ஆய்வகத்தில் ஆராய மனிதக் கட்டியின் செல்கள் உயிரோடு வேண்டும். டெட்ராய்ட்டில் மிச்சிகன் புற்றுநோய் அறக்கட்டளையில் ஹெர்பர்ட் சூல் குழுவினர் அவற்றை வளர்க்கப் பார்த்துப் பலமுறை தோற்றார்கள். கடைசியில் ஒரு பெண்ணின் செல்கள் நிலைத்துப் பெருகின. அந்தச் செல்வழிக்கு அறக்கட்டளையின் பெயரால் எம்.சி.எஃப்-7 என்று பெயர். தந்தவர் கேத்தரின் பிரான்சிஸ் என்ற கன்னியாஸ்திரி, 1970இல் இறந்துவிட்டார். இன்றும் உலகமெங்கும் மார்பகப் புற்று ஆய்வகங்களில் வளர்ந்துகொண்டிருப்பது அவருடைய செல்கள். ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பங்கு அவரிடமிருந்து வந்தது. ரமாசினி மடங்களைப் பார்த்து எழுதி இரண்டரை நூற்றாண்டு கழிந்திருந்தது.

இரண்டாவது வரியை எழுதியவர்களில் ஒருவர் கேத்ரின் ஹார்விட்ஸ். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருந்தும் சில பெண்களுக்குச் சிகிச்சை பலிக்கவில்லையே, ஏன்? ஏற்பி இருந்தால் போதாது, அது வேலை செய்ய வேண்டும். அது வேலை செய்தால் செல் செய்கிற பொருட்களில் ஒன்று புரோஜெஸ்டிரோன் ஏற்பி. கூரைமேல் புகை தெரிந்தால் உள்ளே அடுப்பு எரிகிறது என்று அர்த்தம். 1975இல் ஹார்விட்ஸும் வில்லியம் மக்குவயரும் இந்த யோசனையை முன்வைத்தார்கள். அறிக்கையில் பி.ஆர். வரி இருப்பது அதனால்தான்.

இனி அந்த மாத்திரை. டாமாக்சிஃபென் என்ற மூலக்கூறை 1962இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் உருவாக்கியவர் டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியலாளர். கருத்தடை மாத்திரைக்காகத் தேடியது அது. எலிகளில் கருவைத் தடுத்தது. பெண்களுக்குக் கொடுத்தபோது கருமுட்டை வெளிவருவதைத் தூண்டியது. கருத்தடைக்கு இதைவிட மோசமான மருந்து இருக்க முடியாது. மான்செஸ்டரின் கிறிஸ்டி மருத்துவமனையில் மேரி கோல் என்ற மருத்துவர், முற்றிய மார்பகப் புற்று இருந்த 46 பெண்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்து 1971இல் முடிவை வெளியிட்டார். 10 பேருக்கு நல்ல பலன். ஏற்பி அளவிடாமல் எல்லாருக்கும் கொடுத்ததால் வந்த எண் அது. இலாபம் வராது என்று நிறுவன மேலிடம் இதைக் கைவிடப் பார்த்தது. பின்னாளில் ஏற்பி உள்ள பெண்களுக்கு ஐந்து வருடம் தொடர்ந்து கொடுத்தால் நோய் திரும்புவது பெருமளவு குறைகிறது என்று நிறுவப்பட்டது. மருந்தின் கதையை எழுதுபவர்கள் வழக்கமாக ஆண் விஞ்ஞானிகளின் பெயர்களையே சொல்கிறார்கள். ரிச்சர்ட்சன் 1980இல் தானே ஒரு வரலாறு எழுதிவைத்தார்; அது நிறுவனத்துக்குள்ளேயே பல பத்தாண்டுகள் கிடந்தது.

இதற்கு ஒரு இந்தியச் சகோதரி உண்டு. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் அதே மாதிரி ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் போய் உட்காரும் ஒரு மூலக்கூறைக் கருத்தடைக்காகவே உருவாக்கியது. 'சஹேலி' என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. அரசுத் திட்டத்தில் இப்போது 'சாயா' என்ற பெயரில் கிடைக்கிறது. முதல் மூன்று மாதம் வாரம் இருமுறையும், அதன்பின் வாரம் ஒருமுறையும் விழுங்க வேண்டிய மாத்திரை. கிராமச் செவிலியர் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பது அதே ஏற்பியின் கதைதான் என்பதை என் மாணவிகளிடம் சொன்னபோது, அறிவியல் பிரிவுப் பிள்ளைகளே வியந்தார்கள்.

மூன்றாவது வரி வேறு குடும்பம். ரீட்டா லெவி-மொந்தால்சினி முசோலினியின் இனச் சட்டத்தால் பல்கலைக்கழகத்தை இழந்து, டூரின் நகரில் தன் படுக்கையறையில் கோழி முட்டைகளை வைத்து ஆராய்ந்தவர். பிறகு அமெரிக்காவில் நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்டார். அவருடன் வேலை செய்த ஸ்டான்லி கோயன், எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த ஒரு சாற்றைச் செலுத்தியபோது எலிக்குஞ்சுகள் உரிய நாளுக்கு முன்பே கண் திறப்பதைப் பார்த்தார். தோலை வளர்க்கும் ஒரு காரணி அதில் இருந்தது. 1986இல் இருவருக்கும் நோபல். அந்தக் காரணியை வாங்கும் ஏற்பியின் உறவுக்காரிதான் ஹெர்-2. 1982இல் பாஸ்டன் அருகே ராபர்ட் வைன்பர்க் ஆய்வகத்தில் எலிக் கட்டிகளில் இதன் முதல் தடயத்தைப் பிடித்தவர்களில் ஒருவர் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் லட்சுமி சரண் பாடி. (பெயரில் லட்சுமி இருந்தாலும் ஆண்.) ஈஸ்ட்ரோஜன் ஏற்பி வீட்டுக்குள் இருப்பது என்றால் இது வாசலில் நிற்பது, செல்லின் மேற்பரப்பில். ஏறத்தாழ ஐந்தில் ஒரு மார்பகக் கட்டியில் இது அளவுக்கு மீறிப் பெருகி, இடைவிடாமல் பெருகு பெருகு என்று உள்ளே கட்டளையிடுகிறது. அத்தகைய கட்டிகள் மூர்க்கமானவை என்று 1987இல் டென்னிஸ் ஸ்லேமன் காட்டினார். வாசலிலேயே அதை அடைக்கும் எதிர்ப்பொருள்தான் டிராஸ்டுசுமாப். வணிகப் பெயர் ஹெர்செப்டின். 1998 செப்டம்பரில் அமெரிக்க அனுமதி கிடைத்தது.

அனுமதிக்கு முன் நடந்ததை மருந்தியல் நூல்கள் ஒரு வரியில் கடந்துவிடும். சோதனையில் சேர முடியாத பெண்களுக்கும் இரக்க அடிப்படையில் மருந்து தர வேண்டும் என்று கலிபோர்னியப் பெண்கள் ஜெனென்டெக் நிறுவனத்திடம் கேட்டார்கள். மறுக்கப்பட்டது. அப்படிக் கேட்டவர்களில் ஒருவரான மார்ட்டி நெல்சன் என்ற மகப்பேறு மருத்துவர் 1994இல் இறந்தார். அந்த டிசம்பரில் அவர் தோழிகள் காரில் ஊர்வலமாக நிறுவன வளாகத்துக்குள் நுழைந்தார்கள். மறு வருடமே நிறுவனம் ஒரு எண்ணிக்கைப் பெண்களுக்குக் குலுக்கல் முறையில் மருந்து தர ஒப்புக்கொண்டது. அதற்கு இருபது வருடம் முன்பு ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளர் வேறொன்றுக்காகப் போராடியிருந்தார். கட்டி என்னவென்று பார்க்க மயக்கமருந்து கொடுப்பார்கள். பெண் கண் விழிக்கும்போது மார்பு இருக்காது. சோதனை ஒரு நாள், அறுவை வேறொரு நாள், இடையில் முடிவெடுப்பவள் நான் என்றார் குஷ்னர். 1979இல் அமெரிக்க அரசின் வல்லுநர் குழு அதை ஏற்றது. இன்று கத்தி வைக்கும் முன்பே மூன்று வரிகள் கைக்கு வருகின்றன என்றால், நடுவில் அந்த இடைவெளியை உண்டாக்கித் தந்தவர்களில் அவரும் ஒருவர்.

சென்னையில் புற்றுநோய் மருத்துவமனை உருவானதும் பெண்கள் இயக்கத்தின் கதைதான். முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் மலக்குடல் புற்றால் இறந்தார். 1917இல் அடையாறில் தொடங்கிய இந்திய மாதர் சங்கம்தான் பிற்பாடு முத்துலட்சுமியின் முயற்சியில் புற்றுநோய் நிவாரண நிதி திரட்டியது. 1954 ஜூன் 18இல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் நிலையம் திறந்தது. அதன் ஆங்கிலப் பெயரோடு சங்கத்தின் முதலெழுத்துகள் இன்றும் ஒட்டியிருக்கின்றன. மறு வருடம் சேர்ந்த மருத்துவர் வி. சாந்தா 2021 ஜனவரியில் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். 1980களின் தொடக்கத்திலிருந்து சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டை அந்த நிலையம் பராமரிக்கிறது. தொடக்கத்தில் பெண்களிடம் முதலிடத்தில் இருந்தது கருப்பைவாய்ப் புற்று. இந்த நூற்றாண்டில் மார்பகப் புற்று அதை முந்தியது.

எங்கள் ஆலத்தியூரிலிருந்து அடையாறு வெகுதூரம். அரியலூர் வந்து ரயில் பிடித்து எழும்பூரில் இறங்க வேண்டும். சிமெண்ட் ஆலைப் புகையும் சுண்ணாம்புக்கல் லாரியும் முந்திரித் தோப்புமான எங்கள் பகுதியில், நோய் என்றால் முதலில் பெரம்பலூர் அல்லது அரியலூர், பிறகு திருச்சி, தஞ்சாவூர். அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்ததே 2022 ஜனவரியில்தான். அதற்கு முன்பு என் பெரியம்மாவுக்குக் கட்டி வந்தது. தாலிக்கயிறு உரசுகிறது என்று எட்டு மாதம் இருந்துவிட்டார். ஒரு மருத்துவமனையில் ஊசியால் திசு எடுத்து வேறு ஊர் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். வந்த அறிக்கையை மஞ்சப்பையில் ரேஷன் அட்டை நகலோடு வைத்து என்னிடம் நீட்டினார். "மூணுமே நெகட்டிவ்னு போட்டிருக்காம் பாப்பா. நெகட்டிவ்னா நல்லதுதானே?"

சர்க்கரையும் எச்.ஐ.வி.யும் அறிந்த நாட்டில் நெகட்டிவ் என்றால் நல்லதுதான். இங்கே மட்டும் தலைகீழ். மூன்றும் நெகட்டிவ் என்றால் மாத்திரைக்கும் அந்த ஊசிக்கும் பிடிபடாத கட்டி. பெரும்பாலும் கீமோவும் கத்தியும் கதிரும்தான் மிச்சம். இந்தியாவில் மார்பகப் புற்றில் ஏறத்தாழ 30 விழுக்காடு இந்த மும்மை எதிர்மறை வகை என்று ஆய்வுகள் சொல்கின்றன. மேற்கில் இதன் பாதி அளவுதான். நம் பெண்களுக்கு இளவயதில் வருவது ஒரு காரணம். ஆனால் வேறொரு காரணத்தை இந்திய நோயியல் மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள்: திசுவைப் பாதுகாக்கும் முறை. எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் திசு ஃபார்மலினில் விழ வேண்டும். அதில் 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். தாமதமானால், ஃபார்மலின் போதாமல் போனால், வெறும் உப்புநீரில் போட்டு அனுப்பினால் ஏற்பிப் புரதம் சிதைந்துவிடும். கட்டியில் இருந்தது அறிக்கையில் இல்லாமல் போகும். பிறகு அந்தப் பெண்ணுக்கு, ஒரு நாளைக்குச் சில ரூபாய் விலையுள்ள டாமாக்சிஃபென் எழுதித் தரப்பட மாட்டாது. சிகிச்சைக்கு அடங்காத நோய் என்று அவள் மேல் எழுதிவிடுவார்கள்.

பெரியம்மாவுக்கு அறுவைக்குப் பிறகு பெரிய திசுவில் மறுபடியும் பரிசோதித்தார்கள். அங்கிருந்த இளம் பெண் நோயியல் மருத்துவர் வற்புறுத்தியதால் நடந்தது. இந்த முறை ஈ.ஆர். பாசிட்டிவ் என்று வந்தது. அந்த வயதில் மாதவிடாய் நின்றிருந்ததால் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியையே தடுக்கும் வேறு மாத்திரை தந்தார்கள். முதல் அறிக்கையை ஏன் அப்படித் தந்தீர்கள் என்று யாரிடமும் கேட்க முடியவில்லை. திசுவை எடுத்தவரும் அனுப்பியவரும் பார்த்தவரும் மூன்று வேறு ஊர்க்காரர்கள்.

ஹெர்-2 வரிக்கு இன்னொரு சிக்கல். 0, 1+ என்றால் நெகட்டிவ். 3+ என்றால் பாசிட்டிவ். 2+ என்று வந்தால் முடிவில்லை, ஃபிஷ் என்ற மரபணுச் சோதனை தனியாகச் செய்ய வேண்டும். அதற்கு ஆகும் பணத்தைக் கேட்டு அதோடு நிறுத்திவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பாசிட்டிவ் என்று தெரிந்த பிறகு மருந்தின் விலை. மூன்று வாரத்துக்கு ஒன்று என ஒரு வருடம் போட வேண்டிய ஊசி, ஒரு குப்பி ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் விற்றது. 2012இல் பெண்ணியச் செயற்பாட்டாளர் கல்யாணி மேனன்-சென் உள்ளிட்டோர் எல்லாருக்கும் கட்டுப்படியாகும் டிராஸ்டுசுமாப் வேண்டும் என்று இயக்கம் தொடங்கினார்கள். 2013இல் ரோஷ் நிறுவனம் இந்தியக் காப்புரிமையைக் கைவிட்டது. 2014 தொடக்கத்தில் பயோகான் தன் மருந்தைக் குப்பி 57,500 ரூபாய்க்கு இறக்கியது. அதன்பின் வேறு நிறுவனங்களும் வந்து விலை இன்னும் இறங்கியது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை வைத்திருக்கும் பெண்கள், தங்கள் சிகிச்சைத் தொகுப்பில் இந்த ஊசி அடங்குமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. வாய்ச்சொல் பதில் நாளுக்கு நாள் மாறும்.

முதல் வரி பாசிட்டிவ், மூன்றாவது நெகட்டிவ் என்ற பெண்களுக்குப் பரவிய நிலையில் இப்போது ரிபோசிக்லிப் போன்ற புதிய மாத்திரைகள் வந்திருக்கின்றன, காப்புரிமையோடு வந்திருக்கின்றன. மாதச் செலவு ஐம்பதாயிரம் ரூபாயைத் தாண்டும் என்று கணக்குக் காட்டி, ஓய்வுபெற்ற வங்கி ஊழியரான ஒரு பெண் 2022இல் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார். மற்ற நிறுவனங்களும் இதைத் தயாரிக்க அரசு கட்டாய உரிமம் வழங்க வேண்டும் என்பது அவர் கேட்டது. சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. புற்றுநோய் மருந்து ஒன்றுக்கு 2012இல் அப்படி வழங்கப்பட்டும் இருக்கிறது. வழக்கு முடியுமுன் அந்த செப்டம்பரிலேயே அவர் இறந்தார். பல உயிர்கள் சம்பந்தப்பட்ட விஷயம் என்று சொல்லி, நீதிமன்றம் வழக்கைத் தானாக எடுத்துத் தொடர்ந்தது.